பெயர் சொல்லிக் கூப்பிட்ட பாட்டு

தம்பி,

பேராதனை ஸ்டேசனில் கோச்சி ஏறுவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் கண்டி ஷோ எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே." நான் வாயெடுப்பதற்குள் கோச்சி வந்துவிட்டது. அப்பா பையைத் தூக்கிக் கொடுத்தார், ரிஸ்வான் உள்ளே இடம் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டான், நீ போய்விட்டாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, சளி விட்டதா என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். இனி கொழும்பிலேயே இருந்து பாடப் போகிறாய். உன் பாட்டைப் பற்றிப் பெற்றவள் என்ன நினைக்கிறாள் என்பது ஒரு தடவையாவது முழுதாக உன் கையில் இருக்கட்டும். படித்துவிட்டு, உன்னோடு சேர்ந்து வாசிக்கிற ரிஸ்வானுக்கும் படித்துக் காட்டு. உங்களோடு வாசிக்கிற நிபுணவுக்குச் சிங்களத்தில் சொல். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் உங்கள் பாட்டுத் தொகுப்பைப் பற்றி. அதற்கு 'மேல் கணக்கு' என்று நீங்கள் பெயர் வைத்தபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்தை மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று பிரித்துச் சொல்வது நமக்கு வேலைப் பேச்சு. "கொழும்புல கேக்கிறவன் இத கணக்குப் பாடம்னுல்ல நெனைப்பான்" என்றார். ஆனால் நிபுணவின் வீட்டுப் பின்னறையில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, மழை வரும்போதெல்லாம் வேலையை நிறுத்தி, மழை விட்டதும் மறுபடி தொடங்கி, எந்தக் கம்பெனியும் இல்லாமல் நீங்களே பதிந்து நீங்களே நெட்டில் ஏற்றியது அவருக்குப் பெருமை. அன்றைக்கு வேலையிலிருந்து வந்து முகம் கூடக் கழுவாமல் போனை வெறும் சட்டிக்குள் வைத்தார். அப்படி வைத்தால் சத்தம் கூடுமாம். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டோம்.

முதல் பாட்டில் கிட்டார் அதிகம், சொல் குறைவு. நீ என்ன பாடுகிறாய் என்று எனக்கே பாதி விளங்கவில்லை. கலஹா பஸ் பாட்டு நல்ல பாட்டு. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளுகிற அந்தக் குரலை அப்படியே பல்லவியாக்கியிருந்தாய். தினமும் அதில் நசுங்கிப் போகிறவர்களுக்கு அது பாட்டாகும் என்று தோன்றியதே இல்லை. மூன்றாவது காதல் பாட்டு. யாரென்று நான் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. நான்காவதில் பாட்டே இல்லை, ரிஸ்வானின் ட்ரம் மட்டும். ஆனால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்குத்தான். "இது நம்ம பெக்டரி ரோலர் சத்தம்டி" என்றார். இத்தனை வருசமாக அவர் காதைத் தின்ற சத்தம். அதைக் கேட்டு அவர் சந்தோசப்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வேறு யாரோ பெரிய பாடகனைப் போலக் குரலை இழுத்திருக்கிறாய். அது உன் தொண்டை இல்லை. நீ சின்னப் பிள்ளையாக என்னோடு பிள்ளைக் காம்பராவில் கிடந்த காலத்தில், அங்கே நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் அத்தனை பேருக்கும் மேலே உன் அழுகை தனியாகக் கேட்கும். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு வேறு எதற்கும் ஆசைப்படாதே.

ஆறாவது பாட்டுக்கு நீ பெயர் வைக்கவில்லை. வெறும் ஒரு கோடுதான் போட்டிருந்தாய். தொடக்கத்தில் இசை எதுவுமில்லாமல், உடைந்த குரலில் "கருப்பையா மாமா..." என்று ஒரு கூப்பாடு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி கூப்பாடு. அப்பா சட்டிக்குள் கையை விட்டுப் போனை நிறுத்தினார்.

உனக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இதைப் படிக்கப்போகும் உன் கூட்டாளிகள் அங்கே இருக்கவில்லை. விடாமல் பெய்த மழையில், ஒரு காலையில், கீழ்க் கணக்கு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து இறங்கியது. நான் குழந்தைகளோடு மேலே இருந்தேன். லொறியில் கல் கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தபோது லயத்தின் ஒரு பக்கம் இல்லை. கருப்பையா மாமா, அவர் பெண்சாதி, பெக்டரி வாட்சர் செல்வம், சிவகாமியின் ஒரே மகள் தாரணி, இந்த நாலு பேரும் மண்ணுக்குள்ளே. இரண்டு பக்கமும் ரோடு உடைந்து எந்த மெசினும் வர முடியவில்லை. நீங்கள் பையன்கள் மண்வெட்டியோடு இறங்கினீர்கள். ஒருவன் ஒரு பெயரைக் கூப்பிடுவான். எல்லாரும் தோண்டுவதை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள். ஒன்றும் கேட்காது. அடுத்த பெயர். அதிகமாகக் கூப்பிட்டவன் நீதான். அதற்குப் பிறகு பல நாள் உனக்குக் குரலே இல்லை. அதனால் அந்தப் பாட்டை நீ யோசித்து இட்டுக்கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அதை உன்னால் இறக்கி வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கம்பஸ் பிள்ளைகள், கண்டி டவுன் பிள்ளைகள், கொழும்பில் யார் யாரோ. உன் போன் ஓயவில்லை. அந்த வாரம் ஒரு மத்தியானம் சிவகாமி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்கைக் கூடக் கழற்றவில்லை. மண்சரிவுக்குப் பிறகு அவள் மேல் கணக்கில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நேத்து கலஹா டவுன்ல ஓட்டோவுல ஏறினேன். அந்தப் பையன் பாட்டுப் போட்டான். மொத எனக்கு வெளங்கல. அப்புறம் என் புள்ள பேரக் கூப்பிடுது. அவன் ஹேண்டில்ல தாளம் தட்டிக்கிட்டே ஓட்டுறான். என் புள்ள பேருக்குத் தாளம் தட்டுறான் அக்கா."

"நீ என்ன செஞ்ச?"

"எறங்கிட்டேன். நடந்து வந்துட்டேன்."

"அவன் மரியாதையாத்தான் பாடியிருக்கான் சிவகாமி."

"மரியாதை இல்லன்னு நான் சொன்னேனா? என்கிட்ட கேக்கலன்னுதான் சொல்றேன்."

நல்ல வேளையாக ஒரு குழந்தை எழுந்து அழுதது, நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது உன் முகம் எப்படி மாறியது என்று உனக்குத் தெரியாது. முதலில் கோபம் வந்தது. "நியூஸ்ல நாலு பேர்னு மட்டுந்தான் சொன்னாங்க அம்மா. பேரே சொல்லல. நாங்களும் சொல்லாட்டி யாரு சொல்லுவா?" என்றாய். அது நியாயம் என்று இப்போதும் சொல்வேன். தோட்டத்தில் செத்தவர்களை எண்ணிச் சொல்வதோடு விட்டுவிடுவதுதான் நாட்டு வழக்கம். ஆனால் சிவகாமி கேட்டதும் நியாயம். இரண்டு நியாயம் எதிரெதிரே வந்து நிற்கும்போது பேசி ஜெயிக்கப் பார்க்காதே. நடந்து போய் அந்த ஆளின் முகத்தைப் பார். நான் சொல்லாமலே நீ அதைத்தான் செய்தாய். சட்டையை மாட்டிக்கொண்டு, "நீங்களும் வாங்க அம்மா" என்று கூட்டிக்கொண்டு போனாய். கோபமாக இருக்கிறவர்களின் வாசலுக்குப் போகக் கால் வராது. உனக்கு வந்தது. அந்தக் கால் கொழும்பிலும் உனக்கு இருக்கட்டும்.

அவள் உன்னை உட்காரச் சொல்லவில்லை. "தம்பி, நீ தோண்டினத நான் பாத்தேன். ஒங் கையில ரத்தம் வந்ததயும் பாத்தேன். அதனால ஒன்ன ஏச மாட்டேன்" என்றாள். நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய். கையைக் காட்டி நிறுத்தினாள். "அத எங்க பாடப் போறீங்க?"

"கண்டில சனிக்கெழம ஒரு ஷோ இருக்கு சித்தி. வேணாம்னா அந்தப் பாட்ட எடுத்துர்றேன்."

"எடுக்க வேணாம். நான் வர்றேன். அதக் கேக்குறப்ப மனுசங்க மூஞ்சிய எப்பிடி வச்சிருக்காங்கன்னு நான் பாக்கணும்."

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அப்பா கல்யாணத்துக்குப் போகிறவர் போல உடுத்தியிருந்தார். கண்டி வாவிக்கு மேலே ரோட்டிலிருந்த அந்த மண்டபத்தில், பின்னேர வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, உள்ளே ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கி வைத்திருந்தீர்கள். வாசலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கம்பஸில் படிக்கிறவளாம், "அம்மா, கையை ஒருக்காக் காட்டுங்கோ" என்று என் மணிக்கட்டில் முத்திரை குத்தினாள். சிவகாமி கையை இழுத்துக்கொண்டாள். "வெளியில போயிட்டுத் திரும்பி வாறதெண்டா அடையாளம் வேணும் அம்மா" என்றாள் அந்தப் பிள்ளை. "நான் போனா திரும்பி வரமாட்டேன் புள்ள" என்று சிவகாமி சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். நான் உன் அம்மா என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை ஓடிப்போய் நாங்கள் உட்கார மூன்று கதிரை கொண்டுவந்து போட்டது. மண்டபம் முழுக்க மற்ற எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். ரெக்கோர்டை விட மேடையில் நீங்கள் நல்லவர்கள். ரெக்கோர்டில் நீ ஒரு அறைக்குள் தனியாக இருக்கிறாய். மேடையில் ஆட்களின் மேல் சாய்ந்துகொள்கிறாய். முதல் பாட்டின் சொல் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ரிஸ்வான் அடிக்கும்போது சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. கலகெதரயிலிருந்து வந்திருந்த அவன் உம்மா ஒரு மூலையில் நின்று, மகன் கோலை வீசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் பாட்டுக்குச் சிங்களப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தி, மண்டபமே ஒரு அடி முன்னுக்கு நகர்ந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிவகாமியின் முகம் அசையவில்லை, ஆனால் சேலைக்குக் கீழே அவள் கால் விரல் ஆடியதை நான் பார்த்தேன். நடுவில் உன் கிட்டார் கம்பி அறுந்தது. நீ பதறினாய், நிபுண பதறவில்லை. தன் வாத்தியத்தை மட்டும் தாழ்வாக வாசித்துக்கொண்டே, நீ கம்பி மாற்றும் வரை எல்லாரையும் பிடித்து வைத்திருந்தான். அந்தப் பையனை ஒருநாளும் விட்டுவிடாதே. ஐந்தாவது பாட்டு மேடையிலும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக அந்தப் பாட்டு. நீ "கருப்பையா மாமா" என்று கூப்பிட்டாய். மண்டபம் திருப்பிக் கூப்பிட்டது. அத்தனை பேரின் தொண்டையிலிருந்தும் நம் கருப்பையா மாமா. நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். மாமியின் பெயர், செல்வத்தின் பெயர். சிவகாமி மேடையைப் பார்க்கவே இல்லை. சொன்னபடி முகங்களைத்தான் பார்த்தாள். சிலர் அழுதார்கள். சிலர் கையைத் தூக்கி ஆடினார்கள். சிலர் போனில் பிடித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். அடுத்தது என்ன பெயர் என்று தெரியும். அதனால் நீ வாய் திறப்பதற்கு முன்னாலேயே, சந்தோசக் கூச்சல் மாதிரி, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். "தாரணீ!"

சிவகாமியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

நீ கையைத் தூக்கினாய். ரிஸ்வான் ட்ரம்மை நிறுத்தினான். "இந்தப் பேர நாங்க கேக்காம எடுத்துட்டோம். அவங்க அம்மா இங்க இருக்காங்க. இனி இதப் பாட மாட்டேன்" என்றாய். நிபுண அதைச் சிங்களத்தில் சொன்னான். நிறுத்தியது சரி. அவள் இருக்கிறாள் என்று சொன்னது சரியில்லை, தம்பி. அத்தனை தலையும் திரும்பி எங்கள் கதிரைகளைப் பார்த்தன. ஒளிய ஒரு இடமில்லாமல் ஒரு பெண்ணை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டாய். நல்லது செய்கிற அவசரத்தில்கூட அடுத்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

சிவகாமி எழுந்தாள். வெளியே போகப் போகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து, கூப்பிட்டாள்.

"தாரணீ... ஏ தாரணி... எங்கடி நிக்கிற? வெளக்கு வச்சாச்சு, வாடி!"

நீயும் நானும் எத்தனை தடவை கேட்ட குரல் அது. டியூசன் விட்டு வந்து ரோட்டு முடக்கில் சிநேகிதிகளோடு கதைத்துக்கொண்டு நிற்கும் மகளை, லயத்தின் கோடியில் நின்று கூப்பிடுகிற குரல். அதில் அழுகை இல்லை. பாதி எரிச்சல், பாதி செல்லம். கூப்பிட்டு முடித்து, பதிலுக்குக் காத்திருக்கிறவள் போலக் கொஞ்சம் நின்றாள். மண்டபத்தில் யாரும் கை தட்டவில்லை. அதற்காக அந்தப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன். பிறகு அவள் திரும்பி, "நடங்க அக்கா, பஸ் போயிரும்" என்றாள்.

நீ வேர்வையோடு வாவி ரோட்டுக்கு ஓடி வந்தாய். "சித்தி" என்றாய். அவள் கோபமாக இல்லை. களைத்திருந்தாள். "நீ கூப்பிட்டது மண்ணுக்குள்ள கெடந்தவள. எனக்கு அவ அது இல்ல தம்பி. அவ பொறந்ததுல இருந்து வெளியிலதான இருந்தா. நீ அந்த ஒரு நாளத்தான் எடுத்த" என்றாள்.

அடுத்த நாளே பழைய பதிவை எடுத்துவிட்டு, அந்தப் பெயர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டுப் புதிதாக ஏற்றினாய். கருப்பையா மாமாவின் மகன்மாரிடமும் செல்வத்தின் வீட்டிலும் போய்க் கேட்டாய். அவர்கள் பெயர் இருக்கட்டும் என்றார்கள், இருக்கிறது. பயந்துவிட்டாய் என்று சிலர் எழுதினார்கள். பாட்டே கெட்டுவிட்டது என்றும் எழுதினார்கள். எனக்கு இப்போதுதான் அதை முழுக்கக் கேட்க முடிகிறது. அந்த வெறும் இடத்தில் நான் கேட்கிறது என்னவென்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு யாரோ போனில் பிடித்த சிவகாமியின் குரல் நெட்டில் வெளியே போய்விட்டது. நீ ஒவ்வொருவராகக் கேட்டுக் கெஞ்சினாய். சிலர் அழித்தார்கள், சிலர் அழிக்கவில்லை. சிவகாமிக்கு நான் அதைக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீ எங்களிடம் சொல்லவில்லை. நிபுணதான் அப்பாவிடம் சொன்னான். கொழும்பில் உங்கள் இரண்டாவது தொகுப்பைச் செய்து தருகிறேன் என்று வந்த ஆள், அந்தத் தாயின் குரலை முதல் பாட்டின் தொடக்கத்தில் வைக்க வேண்டும் என்றாராம். அது இருந்தால் வெளிநாட்டு மேடை வரைக்கும் போகலாம் என்றாராம். நீ, "அது பாட்டு இல்ல. ஒரு அம்மா புள்ளையக் கூப்பிட்டது" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாயாம். அதனால்தான் அந்தப் பெரிய ஸ்டூடியோ கைவிட்டுப் போய், இப்போது வெள்ளவத்தையில் சிநேகிதனின் சின்ன அறையில் பதியப் போகிறீர்கள். அப்பா வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "நம்ம புள்ளதான்" என்றார். அவர் இதைவிட நீளமாக உன்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

நான் சொல்ல நினைத்த புத்திமதியில் பாதியை நீயே செய்துவிட்டாய். மீதி இதுதான். சத்தமாகப் பாடு, பயப்படாதே. நம் ஆட்களைப் பற்றி நம் ஆட்கள் பாடாமல் வேறு யார் பாடுவார்கள். ஆனால் நம் ஆட்கள் செத்த நாளைப் போல உயிரோடு இருந்த நாளையும் பாடு. எங்கள் சாவு மட்டும்தான் ஊருக்குக் கேட்கும் என்றால், உயிரோடு இருக்கிற எங்களுக்கு அது பெரிய பாரம். அப்புறம், அந்த ஐந்தாவது பாட்டுக் குரலை விட்டுவிடு.

நீ போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாமி வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். திடீரென்று தாரணியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நான் கேட்டிராத கதைகள், அவள் குறும்பு, அவள் பொய்கள். ஒரு இடத்தில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மலை இறங்கிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இதெல்லாம் தம்பிக்கு எழுதவா?" என்று கேட்டேன். யோசித்தாள். "ஒண்ணு மட்டும் எழுதுங்க. அவளுக்குப் பாட்டே வராது அக்கா. வராதுன்னு தெரிஞ்சேதான் சத்தமாப் பாடுவா. மத்தத எழுத வேணாம். எழுத்துல பாத்தா செத்துப்போனவ மாதிரி இருக்கும். தம்பி தீவாளிக்கு வருவான்ல, நானே சொல்றேன்."

படியில் இறங்கிப் போனவள் நின்று திரும்பினாள்.

"கிட்டாரக் கொண்டாற வேணாம்னு சொல்லுங்க. பசியோட வரச் சொல்லுங்க."